மரங்கொத்திகளின் வரவும் குறைவும்
வேலூர், ஆம்பூர்ப் பிரதேசத்துக் கிராமவாசிகள் கவனிக்கத்தக்கவை

விதையின் தரத்தையும், எருவின் அளவையும், மாடுகளின் நலத்தையும் பற்றி ஆராய்ந்து நடக்கும் குடியானவன், தன் தோப்பில் கேட்கும் "டொக், டொக்" என்னும் ஓசையைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவ்வோசை மரங்கொத்தியினுடையது. சில ஊர்களில் இதனைத் தச்சன் குருவி என்றும் அழைப்பர். இப்பறவை ஓர் ஊரில் தென்படுகிறதா, தென்படின் எந்த வகை, எத்தனை வருஷங்களாக என்பனவற்றைக் கொண்டு அவ்வூரின் மரங்களின் வயதையும் நிலைமையையும் ஒருவாறு அறிந்துகொள்ளலாம். தோல் பதனிடும் தொழிலால் பேர்பெற்ற வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பாலாற்றுப் பிரதேசத்தில் இவ்விஷயம் தனிக் கவனத்திற்குரியது.

1. பறவையின் அமைப்பு

மரங்கொத்தியின் உடல் முழுவதும் ஒரு தச்சனின் கருவிப் பெட்டியை ஒத்தது. அலகு உளி போன்றது. கால்விரல்களில் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருப்பதால் செங்குத்தான மரத்தை இறுகப் பற்றிக்கொள்ள முடிகிறது. வால் இறகுகள் விறைப்பானவை. மரத்தில் ஊன்றிக்கொள்ளும் முட்டுக்கோலாக அவை உதவுகின்றன. நாக்கு மிக நீண்டது. அதன் அடியிலுள்ள எலும்பு மண்டையின் பின்புறமாகச் சுற்றி வரும் அளவு நீளமுடையது. பட்டையின் கீழ் ஒளிந்திருக்கும் புழுவையும் எறும்பையும் இந்நாக்கினால் வெளியே இழுத்து உண்கிறது. இத்தனை வேகமாகக் கொத்தியும் தலை நோகாமலிருப்பதற்கு, அதிர்ச்சியைத் தாங்கும் பஞ்சு போன்ற பகுதி மண்டையில் இருப்பதே காரணம் என்று நெடுங்காலம் கூறிவந்தனர். 2022-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியொன்று இக்கருத்தை மறுத்தது. தலை முழுவதும் ஒரே கெட்டியான சம்மட்டியாகவே வேலை செய்கிறது என்றும், மூளை மிகச் சிறியதாயிருப்பதால் அதற்குத் தீங்கு நேர்வதில்லை என்றும் அதில் விளக்கப்பட்டது.

2. கவனிக்கத்தக்க நான்கு வகைகள்

தமிழ்நாட்டின் சமவெளிகளிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட காடுகளிலும் வாழும் மரங்கொத்திகளுள் நான்கினை அடையாளம் தெரிந்துகொள்ளுதல் போதுமானது.

முதலாவது, பொன்முதுகு மரங்கொத்தி. மைனாவைவிடப் பெரியது. முதுகும் சிறகும் பொன்னிறம். வாலுக்கு மேலுள்ள பகுதி கறுப்பு. கழுத்தின் முன்புறத்தில் கறுப்பின்மேல் வெண்கோடுகள் உண்டு. ஆணின் உச்சி முழுவதும் சிவப்பு. பெண்ணுக்குக் கொண்டையின் பின்பகுதி மட்டுமே சிவப்பு. குதிரை கனைப்பது போன்று உரக்கக் கத்திக்கொண்டு, ஏறி இறங்கும் அலைபோலப் பறந்து செல்லும். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, சாலை மரங்கள், பட்டணத்துத் தோட்டங்கள் ஆகிய எல்லாவற்றிலும் பிழைக்கவல்லது இதுவே.

இரண்டாவது, வெண்பிடரி மரங்கொத்தி. இதுவும் பொன்னிறச் சிறகுடையதாகையால் முதலாவதென்றே பலரும் எண்ணிவிடுவர். ஆனால் இதன் பிடரியும் மேல்முதுகும் தூய வெண்மை; பெண்பறவையின் உச்சி மஞ்சள் நிறம். மரங்கள் இடைவிட்டு நிற்கும் வறண்ட காடுகளையே பெரிதும் நாடும். பெரும்பாலும் ஒரே முட்டையிடுவதால், ஒருமுறை குறைந்த தொகை மீண்டும் பெருகுதல் அரிது.

மூன்றாவது, மஞ்சள் உச்சி மரங்கொத்தி. உடல் கறுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளிகளுடையது, நெற்றி மஞ்சள், வயிற்றில் சிறிது சிவப்பு. நான்காவது, சிட்டுக்குருவி அளவேயுள்ள சிறு மரங்கொத்தி. பழுப்பு உச்சியுடைய இது மெல்லிய கிளைகளில் ஓசையின்றி மேய்வதால் எளிதில் கண்ணிற்படாது.

3. பழைய பதிவுகள்

சென்னை மாகாணத்தின் பறவைகளை முறையாகப் பதிவு செய்தவர்களுள் முன்னோடி, சென்னை இராணுவத்தில் வைத்தியராயிருந்த ஜெர்டன் துரை. தென்னிந்தியப் பறவைகளின் அட்டவணையை 1839-ம் வருஷம் முதல் வெளியிடத் தொடங்கிய அவர், இந்தியப் பறவைகளைப் பற்றிய தமது பெருநூலை 1862-க்கும் 1864-க்கும் இடையில் வெளியிட்டார். பின்னர் 1929-30-ல் வெர்னே என்பவரின் பொருளுதவியால் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடைபெற்றது. சேர்வராயன் மலை, சித்தேரி மலை முதலிய இடங்களில் பறவைகள் சேகரிக்கப்பட்டன. விஸ்லர், கின்னியர் என்னும் இருவர் அச்சேகரத்தை ஆராய்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினர்.

இப்பதிவுகள் மிகவும் பயனுள்ளவை. எனினும் அவற்றிற்கு ஓர் எல்லை உண்டு. எந்தப் பறவை எங்கே இருந்தது என்பதை அவை கூறும். எத்தனை இருந்தன என்பதைக் கூறா. எண்ணிக்கையை ஒப்பிடுவதற்கான பதிவுகள் பெருகியது மிகச் சமீப காலத்திலேதான். பறவை பார்ப்போர் தாம் கண்டவற்றை ஈ-பேர்டு என்னும் பொதுப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் பரவியபின், 2015-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. தத்தம் ஊரிலேயே கால்மணி நேரம் நின்று கண்டவற்றை எழுதினால் போதும் என்பதால், கிராமவாசிகளும் மாணவர்களும் இதில் பங்கு கொள்ளுதல் எளிது.

4. கண்ட எண்ணிக்கையும் உண்மையான எண்ணிக்கையும்

இங்கே ஒரு பெரும் தவறு நேரக்கூடும். முன்னைவிட இப்பொழுது மரங்கொத்திகளைக் கண்டதாக மிகுதியான பதிவுகள் வருகின்றன. ஆதலால் மரங்கொத்திகள் பெருகிவிட்டன என்று கூறலாகாது. பார்க்கும் கண்கள் பெருகியிருக்கின்றன என்பதே முதற்கண் கொள்ளத்தக்க பொருள்.

ஐக்கிய நாணய சங்கத்து அங்கத்தினர்களுக்கு இதனைக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டே விளக்கலாம். 1904-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, சென்னை மாகாணத்தில் திரூர் என்னும் கிராமத்தில் முதற்சங்கம் பதிவானது முதல் இன்றளவும், சங்கத்தின் வலிமையை அளப்போர் மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு சங்கத்தில் முதல் வருஷம் 20 அங்கத்தினர்களும் 200 ரூபாய் சேமிப்பும் இருந்ததெனக் கொள்க. சில வருஷங்களுக்குப் பின் 200 அங்கத்தினர்களும் 1000 ரூபாய் சேமிப்பும் ஆயின. மொத்தம் ஐந்து மடங்காயிற்று. ஆனால் தலைக்குச் சேமிப்பு 10 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைந்தது. இச்சங்கம் வளர்ந்ததெனத் தோன்றினும், அங்கத்தினரின் சிக்கனம் தளர்ந்தே இருக்கிறது.

பறவைக் கணக்கும் இத்தகையதே. ஒரு வருஷத்தில் எழுதப்பட்ட 10 பட்டியல்களில் 6-ல் மரங்கொத்தி இருந்தால் நூற்றுக்கு 60. வேறொரு வருஷத்தில் 400 பட்டியல்களில் 120-ல் இருந்தால் நூற்றுக்கு 30. கண்ட தடவைகள் இருபது மடங்கு கூடியிருக்க, பறவையைக் காணும் வாய்ப்போ பாதியாயிற்று. இவ்வாறு எத்தனை பட்டியல்களுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்கும் முறையையே ஆராய்ச்சியாளர் கைக்கொள்கின்றனர். மேலும், காட்டிலெடுத்த பட்டியலைப் பட்டணத்துப் பட்டியலோடும், காலையிலெடுத்ததை உச்சிவேளையில் எடுத்ததோடும் ஒப்பிடலாகாது.

இம்முறையைத் தழுவி, 30,000-க்கு மேற்பட்டோர் எழுதிய 3 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு, இந்தியப் பறவைகளின் நிலைமை பற்றிய அறிக்கை 2023-ல் வெளியாயிற்று. நீண்டகாலப் போக்கை நிர்ணயிக்க முடிந்த 338 வகைகளுள் 204 குறைந்திருப்பதாகவும், 98 நிலையாக இருப்பதாகவும், 36 மட்டுமே பெருகியிருப்பதாகவும் அது கூறிற்று. எவ்விடத்திலும் பிழைக்கவல்ல பறவைகள் நன்னிலையில் இருக்க, ஒரேவகை வாழிடத்தை நம்பியிருப்பவையே பெரிதும் துன்புறுகின்றன என்பதும் அதனால் விளங்கிற்று. மரங்கொத்திகளைப் பார்ப்போர் இவ்வுண்மையை மறத்தலாகாது. தோப்பில் பொன்முதுகு மரங்கொத்தி நாள்தோறும் கத்துவதைக் கேட்டு, எல்லா மரங்கொத்திகளும் நலமாயிருக்கின்றன என எண்ணுதல், ஒரு செல்வனின் கணக்கைப் பார்த்து ஊர் முழுவதும் கடனின்றி வாழ்கிறதெனக் கருதுவதை ஒக்கும்.

5. தோல் தொழில் பிரதேசத்தில் மரங்கள் மாறிய விதம்

முற்காலத்தில் இப்பிரதேசத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும், கொன்றைப்பட்டையும், கடுக்காயும் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாட்டர்டன் துரை சென்னையில் குரோம் உப்பினால் பதனிடும் முறையைப் பரிசோதித்தார். 1970-களில், பதனிடாத தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைச் சர்க்கார் கட்டுப்படுத்தியபின், முழுதும் பதனிட்ட தோலும் செருப்பு முதலிய சாமான்களும் செய்யும் தொழில் விரிந்தது. இதனால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஜீவனம் கிடைத்தது. அதனுடன் உப்பும் குரோமும் கலந்த கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்தது.

வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஷாப்புகள் உள்ள பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்னும் கணக்கு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. கேடு விளைவித்தவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்னும் கொள்கையும் அதில் வலியுறுத்தப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. எனினும் பாலாற்றின் துன்பம் தீராமையால், 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்திலும் உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு, மேற்பார்வைக் குழு முதலியன குறித்து உத்தரவிட நேர்ந்தது.

உப்புநீர் மரங்களை ஒரேவிதமாகத் தாக்குவதில்லை. தென்னை ஓரளவு தாங்கும். மா எளிதில் நலியும். நலிந்த மரத்தில் வண்டும் புழுவும் ஏறும். அப்பொழுது மரங்கொத்திகளுக்குச் சில வருஷங்கள் விருந்துதான். அவை மிகுதியாகத் தென்படவும் கூடும். பின்னர்ப் பட்டமரம் விழும் அல்லது வெட்டப்படும். அவ்விடத்தில் புதிய மரம் எழாது. விருந்துக்குப் பின் பஞ்சம் தொடர்கிறது. ஆகையால் ஒரு தோப்பில் மரங்கொத்திகள் திடீரெனக் கூடுதல் எப்பொழுதும் நற்குறியன்று. அது மரங்களின் நோய்க்குறியாகவும் இருக்கலாம்.

கழிவுநீர் ஒன்றே காரணமென்று கூறுவதும் நியாயமன்று. நெடுஞ்சாலைகளை அகலமாக்குங்கால் நிழல்தரும் முதிய புளியமரங்கள் வெட்டுண்டன. தோப்புகள் மனைகளாயின. ஏரிக்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் சீமைக்கருவேல் பரவிற்று. அதன் பல கிளைகளாய்ப் பிரிந்த மெல்லிய தண்டுகளில் கூடு குடைவதற்குரிய பருமன் அரிது. சவுக்கும் தைலமரமும் முதிர்வதற்கு முன்பே வெட்டி விற்கப்படுகின்றன. பச்சை நிறம் எங்கும் தெரியினும், முதிய மரம் அருகிப்போயிற்று. ஆதலால், முதிய மரங்களையும் இடைவெளியுள்ள காட்டையும் வேண்டும் வகைகளைக் காண, ஜவ்வாது மலை முதலிய மலைக்காடுகளையே நாடவேண்டியதாகிறது.

6. பட்டமரத்தின் பயன்

பட்டமரம் வீணான மரமென்று எண்ணுதல் வழக்கம். மரங்கொத்தி கூடு குடைவதற்கு உள்ளே இளகிய மரமே ஏற்றது. பொன்முதுகு மரங்கொத்தி மாசி முதல் ஆனி வரையுள்ள காலத்தில் மரத்தில் பொந்து குடைந்து, இரண்டு அல்லது மூன்று வெண்முட்டைகள் இடும். முட்டைகள் ஏறத்தாழ 11 நாட்களில் பொரிக்கும். குஞ்சுகள் ஏறக்குறைய 20 நாட்களில் வெளியேறும். அதன்பின் அப்பொந்து காலியாய்க் கிடப்பதில்லை. தாமாகக் குடையத் திறமையற்ற மைனா, கிளி, குண்டுகரிச்சான் முதலியவை அதில் குடியேறும். பெரிய பொந்துகளுள்ள முதிய மரங்களில் ஆந்தைகள் தங்கும். அவை இரவில் வயலெலிகளைப் பிடித்துண்டு குடியானவனுக்குக் கூலியின்றி ஊழியம் செய்கின்றன. ஒரு மரங்கொத்தி இல்லாமற்போனால், அது பிறருக்குக் கட்டிக்கொடுக்கும் வீடுகளும் இல்லாமற்போகின்றன.

மரங்கொத்தி நல்ல மரத்தைக் கெடுக்கிறது என்னும் புகார் உண்டு. சிற்சில இடங்களில் தென்னையின் காயைக் கொத்துதலும் கூடும். ஆனால் அதன் உணவில் பெரும்பகுதி எறும்பு, கறையான், வண்டின் புழு முதலியனவே. அது தொடர்ந்து கொத்தும் மரத்தில் பெரும்பாலும் முன்னமே புழு புகுந்திருக்கும். வைத்தியன் வந்ததனால் நோய் வந்ததென்று கூறுவார் இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். காண்டாமிருக வண்டு அழுகிய தென்னை மரத்திலும் எருக்குழியிலும் முட்டையிடுவது. சிவப்புக் கூன்வண்டு தாக்கி மடிந்த தென்னையும் பிற மரங்களுக்கு ஆபத்து. இத்தகைய தென்னைகளை அப்புறப்படுத்தும்படி விவசாய இலாகா கூறும் யோசனையைக் கைவிடலாகாது. பாதுகாக்கத்தக்கவை வேம்பு, புளி, மா, இலுப்பை, ஆல், அரசு முதலியவற்றின் முதிர்ந்த அடிமரங்களே.

7. ஓர் அயல்நாட்டுப் பாடம்

அமெரிக்காவில் தந்தம் போன்ற வெள்ளலகுடைய ஒரு பெரிய மரங்கொத்தி இருந்தது. அண்மையில் பட்டுப்போன பெருமரங்களின் பட்டையடியிலுள்ள புழுக்களை அது பெரிதும் நம்பி வாழ்ந்தது என்பதை, 1937 முதல் 1939 வரை அதனை ஆராய்ந்த டானர் என்பவர் எடுத்துக்காட்டினார். லூயிசியானா மாகாணத்தில், சிங்கர் தையல் இயந்திரக் கம்பெனிக்குச் சொந்தமாயிருந்த காடு அதன் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. அங்கே மரம் வெட்டும் உரிமை விற்கப்பட்டிருந்தது. வெட்டுவதை நிறுத்துமாறு பலர் வேண்டியும் பயனில்லை. 1944-ம் வருஷத்தில் அக்காட்டில் தனித்து எஞ்சிய ஒரு பெண்பறவை காணப்பட்டது. அனைவரும் ஐயமின்றி ஒப்புக்கொள்ளும் கடைசிக் காட்சி அதுவே. 2021-ல் அந்நாட்டுச் சர்க்கார் அதனை அற்றுப்போன இனமென அறிவிக்க எண்ணி, 2023-ல் வேறு பல இனங்களை அவ்வாறு அறிவித்தபொழுதும், இதனைப் பற்றிய முடிவை ஒத்திவைத்தது. காடு வெட்டப்பட்டபின் பறவை உண்டா இல்லையா என்னும் விவாதம் எண்பது வருஷங்களாக நடக்கிறது. வெட்டுவதற்கு முன் சில சதுரமைல்களை ஒதுக்கியிருப்பின் அவ்விவாதத்திற்கே இடமிராது.

8. சங்கங்கள் செய்யத்தக்கவை

இப்பிரதேசத்துச் சங்கங்கள் அதிகப் பணச்செலவின்றிச் செய்யக்கூடியவை பின்வருமாறு:

(அ) ஒவ்வொரு சங்கமும் ஒரு பறவைக் கணக்குப் புத்தகம் வைக்கலாம். மாதம் ஒருமுறை, குறித்த அதே இடத்தில், காலையில் அதே நேரத்தில், கால்மணி நேரம் நின்று கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதவேண்டும். மரங்கொத்தி தென்படாத நாளையும் தவறாமல் எழுதவேண்டும். வரவில்லாத நாளைக் குறிக்காத பேரேடு பிரயோஜனமற்றது.

(ஆ) எழுதிய கணக்கைப் பொங்கல் கணக்கெடுப்பின்போது பொதுப் பதிவேட்டிலும் சேர்ப்பிக்கலாம். கைப்பேசி பழகிய பள்ளிப் பிள்ளைகள் இதற்கு உதவுவர்.

(இ) தோப்பு மரங்களை விற்க முற்படுகையில், பொந்துள்ள மரங்களுக்கு முன்னதாகவே சுண்ணாம்பு அடையாளமிட்டு விலக்கி வைக்கலாம். வீட்டிற்கும் பாதைக்கும் அபாயமில்லாத இடத்திலுள்ள பட்டமரங்களை அடியோடு வெட்டாமல், பதினைந்து அடி உயரமேனும் அடிமரத்தை நிறுத்தி வைப்பது நலம்.

(ஈ) மாசி முதல் ஆனி வரை கூடுகட்டும் காலமாதலால், அக்காலத்தில் மரம் வெட்டுதலைத் தவிர்க்கலாம். 1972-ம் வருஷத்து வனஜீவி பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்பறவைகளைப் பிடித்தலும் கொல்லுதலும் முட்டைகளை எடுத்தலும் குற்றமாகும் என்பதையும் யாவரும் அறிதல் வேண்டும்.

(உ) வெட்டிய மரத்திற்கு ஈடாக நாட்டு மரங்களையே நடவேண்டும். கிணற்று நீரைப் பரிசோதித்து, உப்பு மிகுந்த இடத்தில் வேம்பு, புங்கு முதலிய தாங்கும் மரங்களைத் தேர்ந்தெடுத்தல் அவசியம்.

நட்ட கன்று மரங்கொத்தி குடையும் பருமனை அடையப் பல வருஷங்கள் செல்லும். பொந்துள்ள முதிய மரத்தை வெட்டுவதற்கு ஒரு முற்பகல் போதும். சங்கத்தின் மூலதனத்தைச் செலவழித்துவிட்டு வட்டியை எதிர்பார்ப்பவன் இல்லை. கிராமத்தின் முதிய மரங்களும் அத்தகைய மூலதனமே. அடுத்த ஏலத்திற்கு முன் அங்கத்தினர்கள் ஒருமுறை தோப்பைச் சுற்றிவந்து, எந்த மரத்தில் பொந்து இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பார்களாயின், பேரேட்டின் முதல் வரி அன்றே எழுதப்பட்டதாகும்.